பல் தண்டவாளத்தில் ஏறிய கட்டை ரயில்

சென்ற ஞாயிற்றுக்கிழமை மாலை எங்கள் வீட்டுக் கூடத்தில், 1.28 மீட்டர் நீளமுள்ள ஏற்றத்தை ஒரு நீல இன்ஜின் மூன்று பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு 32 வினாடியில் ஏறி முடித்தது. ஏற்றத்தின் சரிவு 12.5க்கு 1, அதாவது 12.5 மீட்டர் போனால் 1 மீட்டர் உயரும். கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே நீலகிரி மலை ரயில் ஏறும் மிகச் செங்குத்தான சரிவும் அதுதான். இன்ஜின், பெட்டி, தண்டவாளம், அதைத் தாங்கும் தூண் எல்லாமே லெகோ என்னும் பிளாஸ்டிக் விளையாட்டுக் கட்டைகள். ஏழு மாதம் பிடித்தது. நினைவு மங்குவதற்குள், தவறிய இடங்களோடு சேர்த்து எழுதி வைக்கிறேன்.

நான் மேட்டுப்பாளையத்தில் வளர்ந்தவன். காலை 7.10க்கு ஊட்டி ரயில் கிளம்பும் சத்தம் கேட்டால் பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது என்று எங்கள் தெருவில் அர்த்தம். 1908இல் உதகை வரை எட்டிய அந்தப் பாதையில் இன்ஜின் எப்போதும் மேட்டுப்பாளையம் பக்கத்தில், பெட்டிகளுக்குக் கீழே நின்று தள்ளும். கல்லாறில் தண்டவாளங்களுக்கு நடுவே, இன்ஜினின் பல்சக்கரம் பற்றிக்கொண்டு ஏறும் பல் தண்டவாளம் தொடங்கும். இந்த இரண்டும் இல்லாமல் வெறும் உருவத்தை மட்டும் கட்டி அலமாரியில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. ஏற வேண்டும், அதுவும் அந்த ரயில் ஏறுகிற விதத்திலேயே ஏற வேண்டும் என்று முடிவு செய்துகொண்டுதான் தொடங்கினேன்.

முதலில் மின்சாரம். லெகோ ரயில்கள் 1966 முதல் இருக்கின்றன. 1991இல் வந்த 9 வோல்ட் வகையில் உலோகத் தண்டவாளம் வழியாகவே மோட்டாருக்கு மின்சாரம் போகும். மின்கலம் சுமக்கத் தேவையில்லை என்பதால் மலை ரயிலுக்கு அதுவே பொருத்தம் என்று நினைத்தேன். ஆனால் அந்த வகை 2007இல் நின்றுவிட்டது. பழைய துண்டுகளுக்குக் கேட்கிற விலை எனக்குக் கட்டுப்படியாகவில்லை. அதனால் 2018இல் வந்த புளூடூத் வகைக்குப் போனேன். ஆறு டிரிபிள்-ஏ மின்கலம் போடும் ஒரு ஹப், அதில் மோட்டார் செருக இரண்டு துளைகள், இரண்டு பக்கமும் பொத்தான் உள்ள ஒரு கைக்கருவி. இரண்டு துளைகள் என்ற இந்த விவரம் பின்னால் மிகவும் உதவியது.

அடுத்து ஏற்றத்தின் கணக்கு. ஒரு நேர்த் தண்டவாளத் துண்டு 16 குமிழ் (கட்டையின் தலையில் உள்ள புடைப்பு) நீளம், அதாவது 128 மி.மீ. பிளேட் என்னும் தட்டைத் துண்டின் உயரம் 3.2 மி.மீ., ஒரு கட்டை 9.6 மி.மீ. துண்டுக்கு ஒரு கட்டை வீதம் உயர்த்தினால் 13.3க்கு 1 கிடைக்கிறது. கிட்டத்தட்டச் சரிதான், ஆனாலும் அந்த இடைவெளி உறுத்தியது. ஓர் இரவு தாளில் போட்டுப் பார்த்தபோது, ஐந்து துண்டு 640 மி.மீ., அதை 12.5ஆல் வகுத்தால் 51.2 மி.மீ., அது மிகச் சரியாக 16 பிளேட் என்று வந்தது. எழுந்து போய் உறங்கிக்கொண்டிருந்த மனைவியை எழுப்பிச் சொன்னேன். ஆக முதல் நான்கு துண்டுக்கு மும்மூன்று பிளேட், ஐந்தாவதுக்கு நான்கு. அதையே இன்னொரு முறை. பத்துத் துண்டில் 102.4 மி.மீ. உயரம். மட்டத்திலிருந்து திடீரென ஏறினால் இன்ஜினின் அடிவயிறு தண்டவாளத்தில் இடிக்கும் என்பதால், ஏற்றத்துக்கு முன் இரண்டு துண்டுகளை ஒரு பிளேட், இரண்டு பிளேட் என்று மெதுவாகத் தூக்கினேன்.

நீலகிரியில் ஓடும் எக்ஸ் வகை இன்ஜினுக்கு இணைக்கப்பட்ட ஓட்டுசக்கரங்கள் எட்டு, பின்னால் சுமைச் சக்கரங்கள் இரண்டு. என்னுடையதும் அப்படியே. தண்டவாள இடைவெளியை மீட்டர் பாதையோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய 27இல் ஒரு பங்கு அளவு வருகிறது. அந்த அளவில் உடலையும் கட்டினால் வளைவில் திரும்பாது; 8 குமிழ் அகலத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

சக்கரங்களில்தான் முதல் தவறு. நான்கு அச்சுகளை 4 குமிழ் இடைவெளியில் வைத்து, முதல் அச்சிலும் நான்காம் அச்சிலும் விளிம்புள்ள சக்கரம், நடு இரண்டிலும் விளிம்பில்லாத சக்கரம் போட்டேன். நேர்ப்பாதையில் அழகாக ஓடியது. 320 மி.மீ. ஆரமுள்ள வளைவில் நுழைந்ததும் முன் சக்கரத்தின் விளிம்பு வெளித் தண்டவாளத்தைக் கத்தி போலக் கடித்துக்கொண்டு நின்றது. 96 மி.மீ. நீளமுள்ள விறைப்பான அடித்தளம் அந்த வளைவுக்கு அதிகம். விளிம்புள்ளவற்றை இரண்டாம், மூன்றாம் அச்சுக்கு மாற்றி, வெளி இரண்டையும் விளிம்பில்லாமல் விட்டேன். வளைவில் வெளிச் சக்கரங்கள் தண்டவாளத்திலிருந்து சுமார் 3 மி.மீ. விலகுகின்றன, விழுவதில்லை. நேர்ப்பாதையில் இன்ஜின் தலையை ஆட்டத் தொடங்கியது. பின்னால் உள்ள இரட்டைச் சக்கர போகியின் (தனியே திரும்பும் சக்கரச் சட்டம்) சுழல் முனையில் ஒரு வாஷர் போட்டு இறுக்கியதும் ஆட்டம் அடங்கியது.

இணைப்புத் தண்டுகளையும் முதலில் தவறாகத்தான் போட்டேன். இரண்டு பக்கத் தண்டுகளும் ஒரே நேரத்தில் மேலே போகும்படி வைத்தால், தண்டு முன்பின் கடைக்கோடிக்கு வரும்போது சில அச்சுகள் எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் பூட்டிக்கொள்கின்றன. ஒரு பக்கத்தை 90 பாகை திருப்பி வைத்தபோது சரியாயிற்று. உண்மையான நீராவி இன்ஜின்களிலும் அப்படித்தான். நூறு முறை படத்தில் பார்த்திருந்தும் கை வைத்த பிறகுதான் காரணம் விளங்கியது.

பல் இல்லாமல் எவ்வளவு ஏறும் என்று பார்க்க விரும்பினேன். இன்ஜின் அப்போது மின்கலத்தோடு 540 கிராம், ஒவ்வொரு பெட்டியும் 260 கிராம். நூலைக் கப்பி வழியே தொங்கவிட்டு, ஒரு பிளாஸ்டிக் கிண்ணத்தில் நட்டுகளைப் போட்டு, சக்கரம் வழுக்கும் எடையைச் சமையலறைத் தராசில் நிறுத்தேன். வெறும் பிளாஸ்டிக் சக்கரம் 45 கிராம் இழுத்ததும் வழுக்கியது. இன்ஜின் தனியாகவே ஏற்றத்தில் ஊர்ந்துதான் போனது. குழிவுள்ள சக்கரங்களில் ரப்பர் வளையம் மாட்டியதும் இழுவை 104 கிராமுக்கு உயர்ந்தது. ஒரு பெட்டியோடு நன்றாக ஏறியது. இரண்டோடு முக்கி முனகி ஏறியது. மூன்றாவதைச் சேர்த்ததும் நாலாவது துண்டில் சக்கரம் அங்கேயே சுற்றிக்கொண்டு நின்றது. பத்து நிமிடத்தில் தண்டவாளத்தில் கருப்பு ரப்பர்த் தூள்.

இந்தச் சோதனைகளை நான் இன்ஜினை மேல் பக்கம் வைத்து, இழுக்க விட்டுச் செய்தேன். தள்ளினால் லேசான பெட்டிகள் ஏற்றம் தொடங்கும் இடத்தில் தூக்கிக்கொண்டு தடம் புரண்டதுதான் காரணம். சிக்கலைத் தீர்க்காமல் சுற்றிக்கொண்டு போனேன், அதற்கான விலையையும் கொடுத்தேன். பெட்டிகளை இணைப்பவை சிறு காந்தங்கள். சீராக இழுத்தால் 130 கிராம் வரை தாங்கின. ஏற்றத்தில் இன்ஜின் ஒருமுறை குலுங்கியதும் காந்தம் விட்டது. மூன்று பெட்டிகளும் பின்னோக்கி ஓடி, வளைவில் திரும்பாமல் நேராகப் போய் பீரோவின் காலில் மோதின. 260 கிராம் எடையுள்ள பெட்டி தரையில் எத்தனை துண்டாகச் சிதறும் என்பதை மகள் எண்ணினாள்: 61. கொக்கி அறுந்தாலும் பெட்டி உருண்டோடாமல் இருக்க மலை ரயிலில் இன்ஜினைக் கீழே வைத்தார்கள் என்பதைச் சிறுவயதிலிருந்தே அறிவேன். அன்று இரவு அந்தத் துண்டுகளைப் பொறுக்கும்போதுதான் அந்த ஏற்பாட்டின் மீது உண்மையான மரியாதை வந்தது.

பல் தண்டவாளத்துக்கு 4 குமிழ் நீளமுள்ள பல் துண்டுகள் கிடைக்கின்றன. ஒன்றில் 10 பற்கள், 32 மி.மீ., ஒட்டி ஒட்டி வைத்தால் இடைவெளி மாறாமல் தொடரும். தண்டவாளத்தின் ஸ்லீப்பர் 8 குமிழ் அகலம் என்பதால் நடுக்கோடு இரண்டு குமிழ்களுக்கு நடுவே விழுகிறது. ஒற்றை வரிசையை நடுவில் வைக்க அரைக் குமிழ் நகர்த்தும் துண்டுகள் வேண்டும். இரண்டு வரிசை என்றால் தானாகவே நடுவில் அமர்ந்துவிடும். நீலகிரியிலும் இரண்டு பட்டைகள்தான். அங்கே ஒரு பட்டையின் பல் மற்றதன் பள்ளத்துக்கு நேராக வரும். அதனால் எப்போதும் ஏதாவது ஒரு பல் முழுப் பிடியில் இருக்கும். ஆப்ட் முறை என்பது இதுதான்.

இங்கே கிடைத்த மகிழ்ச்சி ஒரு நாள்கூட நீடிக்கவில்லை. ஒரு குமிழ் 8 மி.மீ., ஒரு பல் 3.2 மி.மீ. ஆக ஒரு வரிசையை ஒரு குமிழ் நகர்த்தினால் இரண்டரைப் பல் நகரும். அப்படியே ஆப்ட் அமைப்பு. இரண்டு வரிசையையும் அப்படிப் பதித்து முடித்த பிறகுதான் பல்சக்கரத்தைப் பற்றி யோசித்தேன். அச்சு கூட்டல் குறி வடிவம். சக்கரத்தை 90 பாகை வீதம்தான் திருப்பி மாட்ட முடியும். 24 பல் சக்கரம் 90 பாகை திரும்பினால் 6 பல். 8 பல் என்றால் 2, 16 என்றால் 4, 20 என்றால் 5. எதிலும் அரைப் பல் வராது. தண்டவாளத்தில் கிடைத்தது சக்கரத்தில் கிடைக்கவில்லை. 84 துண்டுகளில் பாதியைப் பிடுங்கி மறுபடி நேராகப் பதித்தேன். இரண்டு வரிசையும் ஒன்றாக, இரண்டு 24 பல் சக்கரமும் ஒன்றாக.

முதலில் பல்சக்கரத்தை மூன்றாம் ஓட்டுசக்கர அச்சிலேயே மாட்டினேன். ஒரே மோட்டார், எளிமை. அது ஓடவே மறுத்தது. 24 பல் சக்கரம் பல்லைப் பற்றும் இடத்தில் அதன் விட்டம் 24 மி.மீ.; ஓட்டுசக்கரம் அதைவிடப் பெரியது. ஒரே சுற்றில் ஒன்று அதிக தூரம் போக நினைக்கிறது, மற்றது விடுவதில்லை. நடுவில் மாட்டிய ரப்பர் வளையம் தேய்ந்து அறுந்தது.

எக்ஸ் இன்ஜினின் பக்கவாட்டில் சிலிண்டர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு ஜோடி இருக்கும். ஒரு ஜோடி ஓட்டுசக்கரங்களுக்கு, மற்ற ஜோடி பல்சக்கரங்களுக்கு. முதல் ஜோடியில் வேலை செய்த நீராவியே பல் பாதையில் இரண்டாவதற்குப் போகும். இரண்டும் தனித்தனியாகச் சுழலலாம். சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் அதை வடிவமைத்தவர்கள் இதே சிக்கலைத்தான் தீர்த்திருக்கிறார்கள் என்று அப்போது புரிந்தது. ஹப்பில் இரண்டு துளைகள் இருப்பதும் நினைவுக்கு வந்தது. ஒன்றில் நடுத்தர மோட்டார், ஓட்டுசக்கரத்துக்கு. மற்றதில் பெரிய மோட்டார், பல்லுக்கு மட்டும். கைக்கருவியின் இடப்பக்கம் சக்கரம், வலப்பக்கம் பல். மொத்த வேலையிலும் நான் மிகவும் நேசிக்கும் பகுதி இதுதான்.

பெரிய மோட்டாரிலிருந்து வார்ம் கியர் என்னும் திருகு வடிவக் கியர் வழியே 8 பல் சக்கரத்துக்கு, அதாவது எட்டுச் சுற்றுக்கு ஒரு சுற்று. வார்ம் கியரை மோட்டார் பக்கத்திலிருந்துதான் சுழற்ற முடியும். மறுபக்கத்திலிருந்து தள்ளினால் நகராது. மின்கலம் தீர்ந்தாலும் ரயில் ஏற்றத்தில் அப்படியே நிற்கும். பீரோ சம்பவத்துக்குப் பிறகு இதில் சமரசம் செய்ய நான் தயாராக இல்லை.

அடுத்த சிக்கல் உயரம். ஒரு பிளேட் கூட்டினால் பல்சக்கரம் அழுந்தி நின்றது, ஒன்று குறைத்தால் பல் தாவியது. துண்டுகளின் மூட்டில் சரிவு சிறிது மாறுவதால் எந்த நிலையான உயரமும் முழுத் தூரத்துக்கும் பொருந்தவில்லை. ஆகவே நான்காம் அச்சுக்கும் பின் போகிக்கும் நடுவே, பல்சக்கரத்தை 3 குமிழ் நீளமுள்ள ஒரு தொங்கும் கையில் பொருத்தி, ரப்பர் பட்டையால் கீழே அழுத்தினேன். கை ஆடும் அச்சையே ஓட்டும் அச்சாகவும் வைத்ததால், கை ஏறி இறங்கினாலும் கியர்கள் விலகுவதில்லை.

கை ஏற்றத்தின் மேல் பக்கம் நோக்கி இருந்தது. சுமை ஏறியதும் டக் டக் என்று தாவியது. ரப்பர் பட்டையை இரண்டாக்கினேன், மூன்றாக்கினேன். பல் தாவியது, மோட்டார் திணறியது. மூன்று வார இறுதிகள் இதில் போயின. கடைசியில் விரலால் கையைத் தொட்டுக்கொண்டே மெதுவாக ஓட்டிப் பார்த்தேன். மோட்டார் பலமாகத் தள்ளத் தள்ளக் கை தானாக மேலே எழும்பியது. பட்டை எவ்வளவு அழுத்தினாலும் மோட்டார் அதைவிட அதிகமாகத் தூக்கியது. கையை அப்படியே திருப்பிக் கீழ்ப் பக்கம் நோக்கி மாட்டினேன். இப்போது மோட்டார் தள்ளத் தள்ளக் கை பல்லுக்குள் இன்னும் ஆழமாக அமர்ந்தது. இறங்கும்போது எழும்பிவிடுமோ என்று பயந்தேன், எழும்பவில்லை. ரயிலின் எடை இரண்டு நேரத்திலும் கீழ்நோக்கித்தானே இழுக்கிறது. மிகவும் ஆழமாகப் போகாமல் இருக்க ஒரு தடுப்புத் துண்டு வைத்தேன். ரப்பர் பட்டை ஒன்றே போதும், அதுவும் தளர்வாக.

பல் தொடங்கும் இடத்தில் முதல் பல்லும் சக்கரத்தின் பல்லும் உச்சியோடு உச்சி முட்டினால் இன்ஜினே ஒரு துள்ளல் துள்ளியது. கல்லாறில் பல் தண்டவாளத்தின் தொடக்கப் பகுதி ஸ்பிரிங் மீது இருக்கும். ரயிலும் அங்கே ஊர்ந்துதான் நுழையும். என்னிடம் ஸ்பிரிங் வேலையைத் தொங்கும் கை செய்கிறது. முதல் பல் துண்டுக்கு முன் வழுவழுப்பான சரிவுத் துண்டு ஒன்றை வைத்தேன். பல் மோட்டாரை முன்கூட்டியே சுழல விட்டு, சக்கர மோட்டாரைக் கைக்கருவியின் முதல் படிக்குக் குறைத்து நுழைந்தால் பத்தில் ஒன்பது முறை சத்தமில்லாமல் பிடிக்கிறது.

பெட்டிகள் தடம் புரண்டதற்கான தீர்வு சாதாரணமானது. முன்பே செய்திருக்க வேண்டியது. ஒவ்வொரு பெட்டியின் தளத்துக்கு அடியிலும் 40 கிராம் இரும்பு வாஷர்களை ஒட்டினேன். எடை கீழே இறங்கியதும் பெட்டிகள் தண்டவாளத்தில் உட்கார்ந்தன. தள்ளும்போது காந்தம் பிரிய வழியே இல்லை. இரண்டு மோட்டாரோடு இன்ஜின் இப்போது 655 கிராம், மூன்று பெட்டிகள் 900 கிராம். நீலமும் பாலேடு நிறமுமாகப் பெட்டிகள் முன்னால் போக, இன்ஜின் பின்னால் தள்ளுகிறது.

மின்கலத்தில் சிக்கனம் பார்த்தது தவறு. முதலில் போட்ட மலிவான கார்பன் மின்கலங்கள், இரண்டு மோட்டாரும் சுமை தாங்கும்போது சோர்ந்து, ஹப் பாதி ஏற்றத்தில் அணைந்தது. வார்ம் கியர் ரயிலைப் பிடித்து நிறுத்தியது. இப்போது மறுமின்னேற்ற வகை 800 மில்லி ஆம்பியர்-மணி மின்கலங்கள். ஆறும் சேர்ந்து 9 வோல்ட்டுக்குப் பதில் 7.2 வோல்ட்தான் தருகின்றன. வேகம் சற்றுக் குறைவு, ஆனால் சுமையில் தளர்வதில்லை. ஏறி இறங்கி ஏறி இறங்கி 50 நிமிடம் ஓடுகிறது.

செலவு: ஹப், கைக்கருவி, மோட்டார்கள் 13,200 ரூபாய். சக்கரங்கள் 2,900. பல் துண்டுகள் 88, ஒன்று 22 ரூபாய் வீதம் 1,936. பழைய தண்டவாளத் துண்டுகள் 2,400. இன்ஜினுக்கும் பெட்டிக்கும் நிறம் பார்த்து வாங்கிய கட்டைகள் 6,700. மின்கலமும் மின்னேற்றியும் 1,850. மொத்தம் 28,986. தூண்களுக்கான கட்டைகள் மகளின் பெட்டியிலிருந்து கடன். திருப்பித் தருவதாக எழுதிக் கொடுத்திருக்கிறேன். வடிவம் முடிவாகும் முன்பே நிறம் பார்த்து வாங்கியதில் 1,500 ரூபாய் அளவுக்குப் பயன்படாத நீலத் துண்டுகள் கிடக்கின்றன. மறுபடி செய்தால், கையில் இருக்கும் கலவை நிறத்திலேயே இயங்கும் பகுதி முழுவதையும் கட்டி ஓட்டிப் பார்த்த பிறகுதான் நிறத்துக்குப் பணம் செலவிடுவேன்.

ஓட்டுசக்கரத்துக்கும் பல்லுக்கும் வேகம் இன்னும் முழுமையாக ஒத்துப்போகவில்லை. ஏறும்போது சக்கரம் சிறிது முந்துகிறது, ரப்பர் வளையம் இருபது ஓட்டத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருக்கிறது. பல் பாதையில் சக்கர மோட்டாரின் வேகத்தைத் தானாகக் குறைக்க ஹப்புக்கு ஒரு சிறு நிரல் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

வளைவு மட்டும் அப்படியே நிற்கிறது. நீலகிரிப் பாதையில் 208 வளைவுகள். என் ஏற்றத்தில் ஒன்றுகூட இல்லை. 4 குமிழ் நீளமுள்ள நேரான பல் துண்டை 320 மி.மீ. ஆர வளைவில் பதித்தால் மூட்டுக்கு மூட்டு பற்கள் விசிறி போல் விரிகின்றன. ஒற்றை வரிசையாக வைத்து மூன்று துண்டுவரை பிடித்தது, நான்காவதில் தாவியது. இன்னும் பெரிய ஆரமுள்ள வளைவுத் துண்டுகள் எட்டு சொல்லி வைத்திருக்கிறேன். அவை வந்ததும் பல்சக்கரம் ஒன்றைக் கழற்றிவிட்டு, ஒற்றை வரிசையில் முதல் துண்டைப் பதிப்பேன்.